ஊசி வைத்தியர் சுகியாமா

ஓர் ஊருக்கு இரு வைத்தியர்கள் புதிதாக வந்து சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஒரே கல்லூரியில் பயின்றவர்கள். ஒரே தெருவில் பலகை மாட்டுகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், ஒருவருடைய திண்ணையில் இடம் பிடிக்க விடியற்காலையிலேயே ஆட்கள் காத்திருக்கிறார்கள். மற்றவர் திண்ணையில் ஈயோட்டிக்கொண்டிருக்கிறார். காரணம் யாது என்று கேட்டால், ‘முதல்வருக்குக் கைராசி’ என்று ஒரே சொல்லில் விடை சொல்லிவிடுவது நம் வழக்கம். வழக்கில் அச்சொல் இருந்துவிட்டுப் போகட்டும். வரலாறு பயிலும் மாணவர் அதனோடு நின்றுவிடுதல் ஆகாது. கைராசி எனப்படுவது எவற்றால் ஆயது, அதில் கையின் பங்கு எவ்வளவு, காலத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தல் வேண்டும். அப்படிப் பார்ப்பதற்கு உலக வரலாற்றில் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, பதினேழாம் நூற்றாண்டில் ஜப்பான் நாட்டில் வாழ்ந்த சுகியாமா வாயிச்சி என்பவர். அவர் இரு கண்களிலும் பார்வையற்றவர். அவர் செய்த வைத்தியமோ, ஊசி குத்தும் வைத்தியம்.

இவ்வைத்தியத்தை இந்நாளில் அக்குபங்சர் என்று வழங்குகிறோம். உடலின் குறித்த இடங்களில் மெல்லிய ஊசிகளைச் செலுத்தி நோவையும் பிற குறைகளையும் தணிக்க முயலும் முறை இது. சீனத்தில் தோன்றிப் பௌத்த சமயத்தோடும் சீன நூல்களோடும் ஆறாம் நூற்றாண்டில் ஜப்பானுக்குச் சென்றது. 701-ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசு வகுத்த சட்டத்தொகுப்பிலேயே ஊசி வைத்தியத்துக்கென ஆசிரியரும் அலுவலரும் நியமிக்க இடம் இருந்தது. இம்முறை எந்த நோய்க்கு எவ்வளவு பயன்படும் என்பதை ஆராய்ந்து சொல்ல வேண்டியவர்கள் மருத்துவ அறிஞர்கள். நாட்பட்ட வலிகள் சிலவற்றில் ஓரளவு பயன் உண்டென்றும், அதில் நம்பிக்கையால் விளைவது எவ்வளவு என்பது பற்றி வாதம் தீரவில்லை என்றும் அவர்கள் கூறுகிறார்கள். நான் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவன். ஒரு தொழில் எவ்வாறு வேரூன்றி நிலைபெற்றது என்பதே இவ்வுரையில் என் பொருள்.

சுகியாமா 1610-இல் இசே நாட்டைச் சேர்ந்த த்சு என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் அவ்வூர்ச் சிற்றரசரிடம் பணிபுரிந்த போர்க்குடியினர். மூத்த மகன் தந்தையின் பதவியையும் ஊதியத்தையும் பெறுவது அக்குடியின் வழக்கம். ஆனால் சிறுவர் சுகியாமா நோய்வாய்ப்பட்டுப் பார்வையை இழந்தார். வாளேந்தும் பதவி அவருக்கு இல்லை என்றாயிற்று. பதினெட்டு வயதளவில் அவர் எடோ நகரத்துக்குப் புறப்பட்டார். இன்றைய தோக்கியோவின் பழைய பெயர்தான் எடோ. 1603-இல் தோக்குகாவா குடியினர் ஷோகன் என்னும் படைத்தலைமைப் பட்டத்தைப் பெற்று, நாட்டை அங்கிருந்து ஆளத் தொடங்கியிருந்தனர். அந்நகரில் யாமாசே தக்குயிச்சி என்ற ஊசி வைத்தியர் இருந்தார். அவரும் பார்வையற்றவரே. சுகியாமா அவரிடம் மாணாக்கராகச் சேர்ந்தார்.

சேர்ந்தவர் தேறவில்லை. நினைவாற்றல் குறைவு, கையும் திருந்தவில்லை என்று சொல்லி ஆசிரியர் அவரை வெளியேற்றிவிட்டார் என்று வரலாறு கூறுகிறது. ஆசிரியத் தொழிலில் முப்பதாண்டுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில் நான் இவ்விடத்தில் சற்றே நிற்கிறேன். அந்நாளில் ஊசியைச் செலுத்தும் முறைகள் இரண்டு. ஒன்று, ஊசியின் நுனியைத் தோலில் வைத்து விரல்களால் திருகித் திருகி உட்செலுத்துவது. இது சீனத்திலிருந்து வந்தது. மற்றொன்று, சிறு சுத்தியால் மெல்லத் தட்டி இறக்குவது. இது ஜப்பானியரே பதினாறாம் நூற்றாண்டில் கண்டது. மெல்லிய ஊசியைத் திருகினால் அது வளைந்துபோகும். வளையாதிருக்க ஊசியைத் தடிப்பாகச் செய்தால் நோயாளி துடிப்பார். விரல் கண்ட இடம் ஒன்றாகவும், ஊசி இறங்கும் இடம் ஒன்றாகவும் போவது பார்வையற்ற மாணாக்கனுக்கு எளிதில் நேரும். ஆகவே அம்மாணாக்கரின் குறை என்று சொல்லப்பட்டதில் ஒரு பகுதி கருவியின் குறை. வகுப்பில் ஒரு பையனுக்குக் கணக்கு வரவில்லை என்றால், கணக்கைச் சொல்லும் முறையையும் சோதிக்க வேண்டும் என்று பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லுவார்கள். அங்கே அந்தச் சோதனையை ஆசிரியர் செய்யவில்லை. வெளியேற்றப்பட்ட மாணாக்கரே செய்தார்.

எப்படிச் செய்தார் என்பதற்கு ஜப்பானியர் ஒரு கதை சொல்லுகிறார்கள். எடோவுக்குத் தென்மேற்கே ஐம்பது கிலோமீட்டர் அளவில் எனோஷிமா என்ற சிறு தீவு உள்ளது. அங்குள்ள கடற்குகையில் பென்தென் என்னும் தெய்வத்தின் கோயில் இருக்கிறது. இப்பென்தென் வேறு யாருமல்லர். நம் நாட்டுக் கலைமகளே. கையில் வீணைக்கு மாறாக அந்நாட்டு பீவா என்னும் யாழ் ஏந்தியிருப்பார். பௌத்த நூல்களின் வழியாகச் சீனம் கடந்து அங்கே சென்று குடியேறியவர். பாட்டுக்கும் கல்விக்கும் உரியவராதலால், பாடிப் பிழைத்த பார்வையற்றோர் அவரைத் தங்கள் தெய்வமாகக் கொண்டனர். சுகியாமா அக்குகையில் பல நாள் உண்ணாநோன்பு இருந்தார். நோன்பு முடித்துத் திரும்பும் வழியில் ஒரு கல் தடுக்கி விழுந்தார். விழுந்த இடத்தில் ஏதோ கூர்மையாகக் குத்திற்று. தடவிப் பார்த்தால், குழல்போலச் சுருண்ட ஓர் இலைக்குள் ஒரு பைன் மரத்து ஊசியிலை இருந்தது. ஊசியைக் குழலுக்குள் இட்டுச் செலுத்தலாம் என்ற எண்ணம் அக்கணமே பிறந்தது.

கதை இவ்வளவு. தடுக்கிய கல்லையும் இன்றளவும் எனோஷிமாவில் காட்டுகிறார்கள். இதனை நம்பலாமா என்று மாணவர் கேட்பர், கேட்க வேண்டும். இத்தகைய கதைகள் ஒருவர் புகழ்பெற்ற பிறகு அவரைச் சுற்றி வளர்வன. நியூட்டன் தலைக்கு மேல் ஆப்பிள் மரம் எப்படியோ, அப்படியே சுகியாமாவின் காலடியில் இந்தக் கல். ஆனால் கதையை ஒதுக்கிவிட்டாலும் கருவி ஒதுங்குவதில்லை. ஊசியைவிடச் சிறிதே குட்டையான ஒரு குழல். அதனுள் ஊசியை இட்டால் ஊசியின் தலை குழலுக்கு மேலே நெல்லளவு துருத்திக்கொண்டிருக்கும். இடக்கை விரலால் இடத்தைத் தடவிக் கண்டு, விரல் எடுக்காமல் குழலை அங்கே ஊன்றி, துருத்திய தலையை வலக்கைச் சுட்டுவிரலால் தட்டினால், நுனி தோலைக் கடந்துவிடும். பிறகு குழலை எடுத்துவிட்டு வேண்டிய ஆழத்துக்கு ஊசியைச் செலுத்தலாம்.

இதில் நான்கு நன்மைகள் ஒருங்கே வந்தன. வலி மிகுதியும் தோலில்தான். நுனி அதைக் கணத்தில் கடந்துவிடுவதால் வலி குறைந்தது. குழலின் விளிம்பு சுற்றிலும் அழுத்துவதால் உள்ள வலியும் மழுங்கிற்று. தடுப்பூசி போடும் செவிலியர் தோலை அழுத்திப் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். குழல் தாங்குவதால் ஊசி வளையவில்லை. ஆகவே மிக மெல்லிய ஊசியைப் பயன்படுத்த முடிந்தது. இந்நாளில் ஜப்பானில் பெருவழக்காக உள்ள ஊசிகளின் தடிமன் 0.16 முதல் 0.20 மில்லிமீட்டர், தலைமயிர் இரண்டு மூன்றைச் சேர்த்தாற்போன்ற அளவு. நான்காவது நன்மைதான் தலையாயது. விரல் கண்ட இடத்திலேயே ஊசி இறங்கும். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை.

கருவி கையில் இருந்தும் அவர் உடனே பலகை மாட்டிவிடவில்லை. பழைய தலைநகராகிய கியோத்தோவுக்குச் சென்று, இரியே என்னும் மரபைச் சேர்ந்த வைத்தியரிடம் மீண்டும் மாணாக்கராய் அமர்ந்தார். முதலாசிரியரும் அம்மரபில் கற்றவரே என்பர். ஆகவே கிளையில் கிடைக்காததை வேரில் தேடிச் சென்றார் எனலாம். அதன்பின் எடோவுக்குத் திரும்பித் தொழிலைத் தொடங்கினார்.

காலம் அவருக்கு வாய்ப்பாக இருந்தது. 1635-இல் ஷோகன் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. நாட்டிலுள்ள சிற்றரசர் ஒவ்வொருவரும் குறித்த தவணைப்படி எடோவில் வந்து தங்க வேண்டும். மனைவி மக்களை அங்கேயே நிரந்தரமாக விட்டுவைக்கவும் வேண்டும். கலகம் எழாதிருக்கச் செய்த ஏற்பாடு இது. இதன் விளைவாக ஏறத்தாழ இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட சிற்றரசர்களின் மாளிகைகளும், அவர்களுடைய படைவீரர்களும் எழுத்தர்களும் பணியாளர்களும் அந்நகரை நிறைத்தனர். போரோ ஒழிந்துவிட்டது. வாளைத் தூக்க வேண்டியவர்கள் விருந்துண்டு உட்கார்ந்திருந்தார்கள். வயிற்றுக் கோளாறும் இடுப்பு வலியும் உடையவர்கள், கையில் பொருளும் பொழுதும் உடையவர்கள், ஒருவருக்கொருவர் செய்தி சொல்லிக்கொள்ளும் தொலைவில் வாழ்பவர்கள்: ஒரு வைத்தியருக்கு இதைக் காட்டிலும் வேறு என்ன வேண்டும்? வலியில்லாத ஊசி என்ற பேச்சு மாளிகையிலிருந்து மாளிகைக்குப் பரவியது. இறுதியில் அது கோட்டைக்குள்ளும் சென்றது. 1680 முதல் 1709 வரை ஆண்ட ஐந்தாம் ஷோகன் சுனயோஷி, சுகியாமாவை அழைத்து வைத்தியம் செய்துகொண்டார், குணமும் கண்டார். நாய்களைக் கொல்லலாகாது என்று சட்டம் இயற்றி ‘நாய் ஷோகன்’ என்று நகையாடப்பட்டவர் இவரே. அந்த நகைப்பு எவ்வாறிருப்பினும், எளியவர்பால் இரக்கம் காட்ட வேண்டும் என்ற கொள்கை அவரிடம் இருந்தது.

இவ்வளவோடு கதை முடிந்திருந்தால் நான் இதை உங்களுக்குச் சொல்ல வந்திருக்கமாட்டேன். அரண்மனை வைத்தியராகிப் பொன்னும் பட்டமும் பெற்றவர்கள் எந்நாட்டிலும் உண்டு. தம் கையிலிருந்த நுட்பத்தைத் தம் மகனுக்கோ, அணுக்கமான ஒரு சீடனுக்கோ மட்டும் காதில் ஓதிவிட்டுக் கண்மூடியவர்களும் எந்நாட்டிலும் உண்டு. அக்காலத்து வைத்தியத்தில் மறைத்துவைப்பதே முறை. சுகியாமா பள்ளிக்கூடம் திறந்தார். 1682-இல் அது தொடங்கியது என்று கணக்கிடுகிறார்கள். பாரிஸ் நகரில் வலந்தீன் ஆவி என்பவர் ஐரோப்பாவின் முதல் பார்வையற்றோர் பள்ளியை அமைத்தது 1780-களின் நடுவில்தான். பார்வையற்றோர்க்குத் தொழில் கற்பிக்கும் முறையான பள்ளி, அதற்கு நூறாண்டு முன்பே எடோவில் நடந்துகொண்டிருந்தது.

இப்பள்ளி ஏன் தேவைப்பட்டது என்பதை அறிய, அந்நாட்டுப் பார்வையற்றோர் எவ்வாறு பிழைத்தார்கள் என்று பார்க்க வேண்டும். அவர்களுக்கு தோதோசா என்றொரு சங்கம் இருந்தது. பதினான்காம் நூற்றாண்டில் அக்காஷி கக்குயிச்சி என்ற பார்வையற்ற பாடகர் அதை உருவாக்கினார். பழைய போர்க்கதைகளை யாழிசையோடு பாடுவதே சங்கத்தாரின் முதல் தொழில். பதினேழாம் நூற்றாண்டில் அக்கதைகளைக் கேட்போர் குறைந்துவிட்டனர். புதிய இசைக்கருவிகளைக் கற்றுச் சிலர் சிறந்தனர். கோத்தோ என்னும் நரம்புக் கருவியின் இசைக்குப் புது வழி காட்டிய யத்சுஹாஷி, சுகியாமாவின் காலத்தவரே. ஆனால் எல்லாருக்கும் பாட்டு வருமா? பாட்டு வராதவர் தெருவில் குழலூதிக்கொண்டு சென்று, அழைத்த வீட்டில் உடம்பு பிடித்துவிட்டுக் காசு பெறுவர். அதற்கும் கீழே இருந்தது இரந்து உண்ணுதல். சுகியாமா இவர்களுக்கு ஒரு புதிய படியை அமைத்துக் கொடுத்தார்.

பள்ளியின் பாடமுறை எனக்கு வியப்பளிக்கிறது. முதலில் உடம்பு பிடிக்கும் கலை. மாணாக்கன் விரல்களால் தசையையும் எலும்பையும் நாடியையும் அறிந்து தேர வேண்டும். அதன் பிறகே ஊசி. குழலைக் கொண்டு செய்யும் கைமுறைகள் பதினான்கு என வகுத்திருந்தார்கள்; ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. தெரிந்ததிலிருந்து தெரியாததற்கும், எளியதிலிருந்து அரியதற்கும் செல்க என்று பயிற்சிக் கல்லூரி நூல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞர் பெயர்களைச் சொல்லிப் போதிக்கும் விதி அங்கே நடைமுறையில் இருந்தது. பாடங்கள் எல்லாம் வாய்மொழி. புடைப்பெழுத்து ஜப்பானுக்கு ஏற்றபடி அமைக்கப்பட்டது 1890-இல். அதுவரை செவியே ஏடு. சுகியாமா மூன்று நூல்களை இயற்றினார். அவற்றுள் வைத்தியச் சுருக்கத்தைக் கூறும் நூல், கடினமான சீன நடையை விட்டு மக்கள் பேசும் மொழியை ஒட்டி அமைந்தது. கேட்டு மனனம் செய்ய வேண்டியவர்களுக்கு வேறு நடை ஆகாது என்பதை அவர் அறிந்திருந்தார். நினைவாற்றல் இல்லை என்று துரத்தப்பட்டவர் அல்லரோ!

சங்கத்தில் நான்கு பெரும்படிகளும் அவற்றுள் எழுபத்துமூன்று உட்படிகளும் இருந்தன. அவற்றில் உயர்ந்த படி கெங்கியோ. சுகியாமா அறுபது வயதளவில் அப்படியை எய்தினார். 1692-இல், எண்பத்திரண்டாம் வயதில், கிழக்கு நாடுகளின் சங்கத்தாருக்கெல்லாம் தலைவராக ஷோகனால் அமர்த்தப்பட்டார். அந்நாளில் நடந்ததாக ஒரு செய்தி உண்டு. ‘உமக்கு என்ன வேண்டும்?’ என்று ஷோகன் கேட்டாராம். ‘ஒரு கண் வேண்டும்’ என்றாராம் கிழவர். கொடுக்க முடியாததைக் கேட்டவருக்கு ஷோகன் கொடுத்தது, ஆற்றுக்கு அப்பால் ஹோஞ்ஜோ பகுதியில் ஹிதோத்சுமே என்ற இடத்தில் ஒரு நிலம். அப்பெயருக்கு ‘முதலாவது’ என்றும் ‘ஒற்றைக் கண்’ என்றும் இருபொருள். சிலேடையில் திளைத்த நம் புலவர்கள் இருந்திருந்தால் கைதட்டியிருப்பார்கள். அவ்வுரையாடல் அப்படியே நிகழ்ந்ததோ இல்லையோ, 1693-இல் நிலம் கிடைத்தது மெய். முதுமையிலும் எனோஷிமா யாத்திரையை விடாதிருந்த அவருக்காக அங்கேயே பென்தென் கோயிலும் எழுந்தது. தோக்கியோவின் சுமிதா வட்டத்தில் அக்கோயில் இன்றும் உள்ளது. அடுத்த ஆண்டாகிய 1694-இல் சுகியாமா காலமானார்.

யாத்திரையைப் பற்றி மற்றொன்றும் சொல்ல வேண்டும். ஃபுஜிசாவா என்ற ஊரிலிருந்து எனோஷிமாவுக்குச் செல்லும் பாதையில் வழிகாட்டும் கற்களை அவர் நாட்டினார். நாற்பத்தெட்டு நாட்டினார் என்பர். பத்துக்கு மேற்பட்டவை இன்றும் நிற்கின்றன. எனோஷிமா வழி என்ற எழுத்துகள் அவற்றில் ஆழமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. கண்ணுள்ளவர் பார்த்தும், கண்ணில்லாதவர் விரலால் தடவியும் படித்துச் செல்லலாம்.

அவருக்குப் பின் மிஷிமா யசுயிச்சி என்ற சீடர் பொறுப்பேற்றார். எடோவில் இருந்த ஒரு பள்ளி அவர் காலத்தில் நாடெங்கும் நாற்பத்தைந்தாகப் பெருகியது. குருவின் புகழைக் காட்டிலும் சீடரின் உழைப்பே ஒரு தொழிலை நாட்டுடைமை ஆக்குகிறது. ஆயினும் மிஷிமாவின் பெயரை எவரும் நினைப்பதில்லை. எல்லா மாணாக்கரும் ஊசியில் தேறினர் என்றும் எண்ணவேண்டா. ஹனவா ஹோக்கியிச்சி என்ற பார்வையற்ற சிறுவர் பதினெட்டாம் நூற்றாண்டில் எடோவுக்கு வந்து ஊசியையும் உடம்பு பிடித்தலையும் கற்க முயன்று முற்றிலும் தோற்றார். படிப்பிலே விடுங்கள் என்று கெஞ்சினார், ஆசிரியர் விட்டார். பிற்காலத்தில் அவர் நாட்டின் பழஞ்சுவடிகளைத் திரட்டி அச்சிட்ட பேரறிஞரானார். ஒரு நல்ல தொழில் இருக்கிறதென்பதற்காக எல்லாரையும் அதற்குள்ளேயே அடைத்துவிடக் கூடாது என்பதை அந்த ஆசிரியர் உணர்ந்திருந்தார்.

இதே சங்கத்தில் மாசும் இருந்தது. படிகளை விலைக்கு வாங்கலாம். உயர்படிக்குப் பெருந்தொகை வேண்டும். சங்கத்தாருக்கு வட்டித்தொழில் நடத்த அரசு சலுகை அளித்திருந்தது. படிகள் ஏறப் பணம் வேண்டும் என்ற காரணத்தைச் சொல்லிக் கடுவட்டி வாங்கிப் பலரை வாட்டிய கெங்கியோக்களும் இருந்தனர். ஊசி ஏந்திய கை ஒன்று. பத்திரம் ஏந்திய கை மற்றொன்று. அரசின் சலுகை இரண்டையும் ஒரே குடையின் கீழ் வைத்திருந்தது.

இதற்கிடையில் ஐரோப்பியர் இக்கலையைக் கண்டனர். நாகசாக்கித் துறைமுகத்தில் வாணிகம் செய்ய ஐரோப்பியருள் டச்சுக்காரருக்கு மட்டும் இசைவு இருந்தது. அவர்களுடைய மருத்துவர் வில்லம் டென் ரைன 1674 முதல் 1676 வரை அங்கிருந்தார். இலத்தீன் மொழியில் ஊசி, குத்துதல் என்ற இரு சொற்களைச் சேர்த்து இக்கலைக்குப் பெயரிட்டு, 1683-இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூலே அக்குபங்சர் என்ற சொல்லை மேலைநாட்டில் பரப்பியது. பின்னர் வந்த ஜெர்மானிய மருத்துவர் எங்கல்பர்ட் கெம்ப்ஃபர் 1691-இலும் 1692-இலும் எடோ சென்று ஷோகன் சுனயோஷியின் முன்னிலையில் நின்றார். சுகியாமா அந்நகரில் புகழ் பெற்றிருந்த ஆண்டுகள் அவை. கெம்ப்ஃபர் 1712-இல் வெளியிட்ட நூலில், வயிற்றுவலிக்கு மூன்று வரிசையாக ஒன்பது இடங்களில் ஊசி குத்தும் முறையை விளக்கி, ஊசியையும் சிறு சுத்தியையும் குழலையும் படமாக வரைந்து காட்டினார்.

இனி, கட்டிய கட்டடம் இடிந்த கதை. 1868-இல் ஷோகன் ஆட்சி ஒழிந்து மெய்ஜி ஆட்சி மலர்ந்தது. புதிய அரசு மேலைநாட்டு முறைகளை விரைந்து மேற்கொண்டது. 1871-இல் ஓர் ஆணையால் பார்வையற்றோர் சங்கத்தைக் கலைத்தது. பட்டம், சலுகை, வட்டித்தொழில் எல்லாம் ஒரே நாளில் போயின. பள்ளிகளும் தாங்குவாரின்றி மறைந்தன. 1874-இல் வந்த மருத்துவ விதிகள் மேலைமுறை வைத்தியத்தையே மருத்துவம் என்று கொண்டன. ஐந்நூறு ஆண்டுச் சங்கம் போயிற்று; ஆனால் ஆயிரக்கணக்கானோரின் விரல்களிலிருந்த பயிற்சியை எந்த ஆணையும் பறிக்க முடியவில்லை. வட்டிக்காரக் கெங்கியோ ஏழையானார். ஊசிக்காரர் மறுநாளும் ஒரு வாசற்படியைத் தட்டினார். கியோத்தோவில் 1878-இலும் தோக்கியோவில் 1880-இலும் பார்வையற்றோர்க்குப் புதுமுறைப் பள்ளிகள் தோன்றின. சிலகாலத் தயக்கத்துக்குப் பின், உடற்கூறும் உடலியலும் சேர்த்து, ஊசிக்கலையையும் அப்பள்ளிகள் கற்பித்தன. 1911-இல் தேர்வும் உரிமச் சீட்டும் வேண்டும் என்று அரசு விதி செய்தது.

மீண்டும் ஒரு சோதனை 1947-இல் வந்தது. போரில் தோற்ற ஜப்பானை அமெரிக்கப் படைத்தலைமை ஆண்டுகொண்டிருந்தது. ஊசியும் சூட்டுக்கோலும் அறிவியலுக்கும் தூய்மைக்கும் ஒவ்வாதன, அவற்றை ஒழித்துவிடலாம் என்று அவ்வாண்டு செப்டம்பரில் அத்தலைமையின் கருத்து வெளிப்பட்டது. நாடெங்கும் ஊசி வைத்தியர்கள் திரண்டெழுந்தார்கள். முன்னணியில் நின்றவர்களிற் பெரும்பாலோர் பார்வையற்றவர்கள். விண்ணப்பங்கள் குவிந்தன, இக்கலையை ஆராய்ந்துவந்த மருத்துவப் பேராசிரியர்களும் சான்று கூறினர். டிசம்பரில் சட்டம் ஒன்று நிறைவேறியது. தொழில் ஒழியவில்லை, ஊசியைத் தூய்மை செய்தல் கட்டாயமாயிற்று, பயிற்சி இறுகியது. எதிர்த்தவர்கள் சொன்ன குறையில் உண்மையாக இருந்த பகுதியை ஏற்றுக்கொண்டே அவர்கள் வென்றார்கள் என்பது என் கருத்து.

இன்றைய நிலையில் வேறொரு கேள்வி எழுந்திருக்கிறது. 1964-இல் மேற்படி சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். உடம்பு பிடிக்கும் தொழிலைக் கற்பிக்கும் பள்ளிகளைப் பார்வையுள்ளோர்க்காகப் புதிதாகத் திறந்தால் பார்வையற்றோரின் பிழைப்புக் கெடும் என்று கண்டால், அரசு இசைவு மறுக்கலாம் என்பது அப்பிரிவு. தொழில் செய்யும் உரிமை எல்லார்க்கும் பொது அன்றோ என்று வழக்குத் தொடுத்தார்கள். 2022 பிப்ரவரியில் ஜப்பானிய உச்ச நீதிமன்றம் அப்பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் ஊசித்தொழிலுக்கு அத்தகைய வேலி இல்லை. உறவுத் தொழிலாகிய எலும்பு ஒட்டு வைத்தியப் பள்ளி பற்றி 1998-இல் ஃபுகுவோகா நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின், பார்வையுள்ளோர் கற்கும் ஊசி வைத்தியப் பள்ளிகளும் பெருகிவிட்டன. சுகியாமாவின் குழலை இப்போது பெரும்பாலும் கண்ணுள்ளவர்களே தட்டுகிறார்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசிகள் நெகிழிக் குழலுக்குள் வைத்தே விற்கப்படுகின்றன. அவ்வுறைகள் பல நாடுகளுக்குச் செல்கின்றன.

வேலி வேண்டுமா, திறமை மட்டும் போதுமா என்பது பற்றி மாணவர்கள் தம்முள் வாதிடலாம். 1871-ஐ எடுத்துக்காட்டுவோர்க்கும் இடம் உண்டு. குழலைக் கண்டவரின் வழியினரே அத்தொழிலிலிருந்து ஒதுக்கப்படலாமா என்று கேட்போர்க்கும் இடம் உண்டு. என்னைக் கேட்டால், 1682-இல் திறந்த பள்ளி இல்லாமல் வேலி கட்டியிருந்தால், காப்பதற்கு உள்ளே ஒன்றும் இருந்திராது என்பேன்.

அப்பள்ளியின் வழிவந்த கல்வி இன்றும் நடைபெறுகிறது. ஜப்பானிய அரசின் பார்வையற்றோர் பள்ளிகளில் உயர்நிலைக் கல்விக்குப் பின் மூன்றாண்டுப் பயிற்சி உண்டு. முடிவில் 1993 முதல் நாடு முழுமைக்கும் ஒரே தேர்வு. கண்ணுள்ள மாணவருக்கும் இல்லாத மாணவருக்கும் வினாக்கள் ஒன்றே. வினாத்தாளை மட்டும் புடைப்பெழுத்திலோ, பெரிய எழுத்திலோ, ஒலிப்பதிவாகவோ வேண்டியபடி பெற்றுக்கொள்ளலாம்.